பன்னிரண்டு பேர் பாடும் ஊர்

பிராட்வே என்றால் வடசென்னைக்காரர்களுக்குப் பஸ் ஸ்டாண்டுதான் முதலில் நினைவுக்கு வரும். பிரகாசம் சாலை என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் பழைய பெயர் நாக்கை விட்டுப் போகவில்லை. நியூயார்க்கிலும் ஒரு பிராட்வே இருக்கிறது. அங்கே மேடையேறும் இசை நாடகங்களை இங்கே ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் காதால் மட்டும் முழுசாகக் கேட்க முடியும். அதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும், கொஞ்சம் பழக்கமும் வேண்டும். இரண்டையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

ஒரு நாடகம் மேடையேறியதும் அதில் நடிக்கிறவர்களையே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாட்டுகளை வரிசையாகப் பதிவுசெய்து வெளியிடுவது அங்கே வழக்கம். அதற்குப் பெயர் காஸ்ட் ஆல்பம். 1943-இல் டெக்கா கம்பெனி 'ஓக்லஹோமா' நாடகத்தை 78 வேகத் தட்டுகளின் செட்டாக வெளியிட்டு, அது நன்றாக விற்ற பிறகுதான் இந்த வழக்கம் நிலைத்தது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும் என்பதால் பாட்டை வெட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நம் ஊரிலும் கிராமபோன் காலத்தில் நாடகங்களை இப்படி செட்டாகத்தான் விற்றார்கள். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்த தலைமுறைக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வகை நாடகங்களில் சிலவற்றுக்குக் கதாநாயகன் கிடையாது. மொத்தக் குழுவும் சேர்ந்துதான் கதையைத் தூக்கும். கேட்கிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சினிமாப் பாட்டிலேயே வளர்ந்த காது முதலில் 'நல்ல பாட்டு எது' என்று தேடும். இருபது டிராக்கில் இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். குழு நாடகத்தில் பாட்டைத் தேடக் கூடாது, ஆளைத் தேட வேண்டும். யார் வாய் திறந்தார், எந்தப் பக்கம் நின்றார், ஒரே ஒரு வரி பாடிவிட்டுக் கூட்டத்தில் எங்கே போய்க் கலந்தார் என்று கேட்டால் கதை தானாக வந்துவிடும். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

பழகுவதற்கு எந்த ஆல்பம் என்று கேட்டால் 'கம் ஃப்ரம் அவே' என்றுதான் சொல்வோம். கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. அதில் கேண்டர் என்று ஒரு சின்ன ஊர். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் ஒரு காலத்தில் எரிபொருள் நிரப்ப அங்கே நின்றுதான் போகும், அதனால் ஊருக்குப் பொருத்தமில்லாத பெரிய விமான நிலையம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்திய விமானங்களை மோதி நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களைத் தகர்த்ததும், அமெரிக்க வான்வெளியை மூடியபோது 38 விமானங்களை அங்கே இறக்கினார்கள். ஏறக்குறைய ஏழாயிரம் பயணிகள். ஊரின் மொத்த ஜனத்தொகையே சுமார் பத்தாயிரம். வந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் அந்த ஊரே கொடுத்தது. ஐரீன் சாங்காஃப், டேவிட் ஹைன் இருவரும் பத்தாம் ஆண்டு நினைவின்போது அங்கே போய் மக்களிடம் பேசி, கேட்டதை வைத்து நாடகம் எழுதினார்கள். 2017 மார்ச் 12 அன்று பிராட்வேயில் மேடையேறியது. ஆல்பமும் அதே மாதத்தில் வந்தது. மொத்தம் 23 டிராக்.

நடிகர்கள் பன்னிரண்டே பேர். ஊர்க்காரர்களும் அவர்களே, பயணிகளும் அவர்களே. மேடையில் தொப்பியை மாற்றி, நாற்காலியைத் திருப்பிப் போட்டால் ஆள் மாறிவிடுவார். ஆல்பத்தில் தொப்பி தெரியாது. தொண்டைதான் தெரியும். காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி அமைவது கடினம்.

முதலில் அறையைச் சரிசெய்ய வேண்டும். நம் வீடுகளின் அறை பெரும்பாலும் நான்கு பக்கமும் பூசிய சுவர், சிமென்ட் அல்லது டைல்ஸ் தரை. நடுவில் நின்று ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு கம்பிச் சத்தம் ஓடினால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்துபோல் மாற்றி மாற்றி எறிகின்றன என்று பொருள். அந்த அறையில் பன்னிரண்டு பேர் பாடினால் இருபத்துநான்கு பேர் பாடுவதுபோல் குழம்பும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ச் சுவரில் கயிறு கட்டி ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். பஞ்சு மெத்தை இருந்தால் மூலையில் சாத்தி வையுங்கள். மறுபடி தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றுவிடும். இதற்குக் காசு செலவே இல்லை.

அடுத்தது இரும்பு பீரோவும், பரண்மேல் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களும். இந்த ஆல்பத்தில் தோல்வாத்தியம் கனமாக அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பீரோக் கதவு கூடவே அதிரும். அது ஸ்பீக்கர் கிழிந்த சத்தம் மாதிரியே இருப்பதால் பலர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போய்விடுகிறார்கள். பீரோக் கதவின் இடுக்கில் மடித்த துணியைச் செருகுங்கள், பாத்திரங்களுக்கு நடுவே துண்டு வையுங்கள், ஷோகேஸ் கண்ணாடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். பாதிச் சத்தம் அதோடு அடங்கிவிடும்.

ஸ்பீக்கர் இரண்டு வேண்டும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இடது வலது இரண்டும் ஒரே பெட்டிக்குள் நெரிந்துகொள்ளும். பன்னிரண்டு பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்பதுபோலத்தான் கேட்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஐந்து அடி இடைவெளி விடுங்கள். நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் அதே ஐந்து அடி தள்ளி உட்காருங்கள், முக்கோணம் மாதிரி. பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னே இழுத்து வைக்க வேண்டும். மூலையில் தள்ளினால் அடித்தொனி வீங்கி ஆண்குரல்களை விழுங்கிவிடும். உச்சத் தொனிக்கான சின்னக் கூம்பு உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். பாயில் உட்கார்ந்து கேட்பதானால் ஸ்டூல் வேண்டாம், இரண்டு மனைப்பலகையை அடுக்கி அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

உட்காரும் இடம் நடுவில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒலி ஒரு அடியைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் எடுக்கும். இடது ஸ்பீக்கருக்கு ஒரு அடி கூடுதலாக நெருங்கிவிட்டால் அந்தப் பக்கத்து ஒலி முந்திக்கொண்டு வரும். காது முதலில் வந்ததையே நம்பும். நடுவில் நிற்க வேண்டிய மேயர் இடதுபக்கம் நகர்ந்துவிடுவார், அவரோடு பாதி ஊரும் நகர்ந்துவிடும்.

தனித்தனி வயர் மாட்டும் ஆம்ப் என்றால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுக்குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது, தலையைச் சுற்றி மிதக்கும். அடித்தொனியும் மெலிந்துபோகும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிச் செருகிக் கேளுங்கள். குரல் 'டக்'கென்று நடுவில் வந்து உட்கார்ந்தால் அதுதான் சரியான இணைப்பு.

இயர்போனில் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இரண்டு காதிலும் மாட்ட வேண்டும். ஃபோன் செட்டிங்கில் மோனோ ஆடியோ என்று ஒன்று உண்டு, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒற்றைக் காதில் போட்டு வேலை செய்கிறவர்கள் அதைத் தட்டிவிட்டு மறந்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள். ஷஃபிள், கிராஸ்ஃபேட், ஈக்வலைசர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கின் வாலும் அடுத்ததின் தலையும் ஒட்டியே வரும் ஆல்பம் இது. கிராஸ்ஃபேட் அந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிவிடும். நடுவே விளம்பரம் வரும் இலவசக் கணக்கில் இதைக் கேட்காதீர்கள். சிக்னலை நம்பவும் வேண்டாம், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி ஆகும், ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. ஒரு நாள் டேட்டாவுக்குள் அடங்கிவிடும்.

மின்விசிறி அஞ்சில் சுற்றினால் உங்களுக்கு மெட்டு கேட்கும், வார்த்தை கேட்காது. ச, த, ஃப, ட போன்ற மெய்யொலிகளின் கூர்மை உச்சத் தொனியில் இருக்கிறது. காற்றின் 'உஷ்' சத்தமும் அதே இடத்தில்தான் பரவும். இரண்டில் வையுங்கள், இல்லையென்றால் டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் தள்ளி வையுங்கள். வெயில் காலத்தில் இது கஷ்டம்தான். ஆனால் யார் பேசுகிறார் என்பதை உச்சரிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஆல்பத்தில் மெய்யெழுத்து போனால் ஆளே போய்விடுவார்.

கன்டெய்னர் லாரியை மட்டும் எதைக்கொண்டும் தடுக்க முடியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரமும் எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கமும் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த உறுமல் சுவர் வழியாக வரும், தரை வழியாகவும் வரும். கனத்த அடித்தொனி தனக்கு மேலே உள்ள தொனிகளையும் மூடிவிடும் குணமுடையது. அதை எதிர்த்து வால்யூமை ஏற்றினால் காதுதான் களைக்கும். நேரத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்குவரை பார்த்து வையுங்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு எழுந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள், தெருவும் கொஞ்சம் கண்ணயரும்.

வால்யூமை வைப்பதற்கும் முறை உண்டு. ஆல்பத்தின் முதல் டிராக்கில் எல்லோரும் சேர்ந்து பாடும் உச்சமான இடத்தைப் போட்டு, காது கூசாத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைசிவரை தொடக் கூடாது. மெல்லிய இடத்தில் ஏற்றி, உரத்த இடத்தில் இறக்கிக்கொண்டே இருந்தால், ஒரு ஆள் தனியாக நிற்பதற்கும் ஊரே கூடி நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கையாலேயே அழித்துவிடுகிறீர்கள்.

இனி காகிதம். ஏ4 தாளைக் குறுக்காக வைத்துப் பன்னிரண்டு வரிசை போடுங்கள். முதல் ஐந்து ஊர்க்காரர்கள்: மேயர் கிளாட், கான்ஸ்டபிள் ஓஸ், பள்ளிக்கூடத்தில் முகாமைக் கவனிக்கும் பியூலா, விமானங்களில் அகப்பட்ட விலங்குகளைத் தேடிப் போகும் பானி, அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த டிவி நிருபர் ஜானிஸ். மீதி ஏழு பேர் வந்திறங்கியவர்கள்: விமானி பெவர்லி, தீயணைப்பு வீரரான மகனைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காத தாய் ஹன்னா, இங்கிலாந்துக்காரர் நிக், டெக்சாஸ் அம்மா டயான், எதையும் நம்பத் தயங்கும் நியூயார்க்காரர் பாப், கெவின் என்ற ஒரே பெயருடைய ஜோடி இருவர். பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் விடுங்கள். குரல் எப்படி, பேச்சு எந்த ஊர், வேறு யாராக வருகிறார். பென்சிலால் எழுதுங்கள், நிச்சயம் அழிக்க வேண்டிவரும்.

முதல் தடவை ஒன்றும் எழுதாமல், எங்கேயும் நிறுத்தாமல் 23 டிராக்கையும் கேட்டுவிடுங்கள். ஃபோனில் பாட்டு வரிகளைத் திறந்து வைக்காதீர்கள். கண் வரியைப் பிடித்துக்கொண்டால் காது வேலையை விட்டுவிடும். ஆங்கிலம் பாதிதான் பிடிபடுகிறது என்றால் ஒன்றும் மோசமில்லை. நியூஃபவுண்ட்லாந்துப் பேச்சு அமெரிக்க ஆங்கிலம் மாதிரி இருக்காது. ஐரிஷ்காரர்களும் தென்மேற்கு இங்கிலாந்துக்காரர்களும் மீன்பிடிக்க வந்து குடியேறிய இடம், அதனால் பேச்சில் ஒரு தனி வளைவு உண்டு. பாதியாவது புரிகிறவர்களுக்கு அந்த வளைவே அடையாளம். வளைவு கேட்டால் ஊர்க்காரர், தட்டையாகப் பேசினால் வந்தவர். டயான் இழுத்துப் பேசுவார். நிக் இங்கிலாந்துக்காரர் பாணியில் தயங்கித் தயங்கிப் பேசுவார்.

இரண்டாம் தடவைதான் தாளில் கை வைப்பது. முதல் டிராக் 'வெல்கம் டு த ராக்', மேயர் குரலில் தொடங்கும். தீவு எங்கே இருக்கிறது, விமான நிலையம் ஏன் அவ்வளவு பெரிது என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தக் காலையில் தான் எங்கே இருந்தேன் என்று சொல்வார்கள். நம் தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்தே தன்னைச் சொல்லிக்கொண்டு சபைக்கு வருவாரே, அதே முறை. கட்டியங்காரன் ஒருவரே வாயிற்காப்போனாகவும் குடிமகனாகவும் மாறுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நாடகத்தின் இலக்கணம் அந்நியமில்லை. ஐந்து ஊர்க்காரர்களையும் இந்த முதல் டிராக்கிலேயே பிடித்துவிடப் பாருங்கள். அதே பாட்டில் பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடும்போது 'ஐலண்டர்', தீவுக்காரன், என்ற சொல் திரும்பத் திரும்ப விழும். அதைப் பாடுகிறவர்களில் ஹன்னாவாக வரப்போகிறவரும் இருக்கிறார், பெவர்லியாக வரப்போகிறவரும் இருக்கிறார். இன்னும் வந்திறங்காதவர்கள் முன்கூட்டியே ஊர்க்காரர்களாக நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். இது பிடிபட்டதும் கேட்கும் முறையே மாறிவிடும்.

ஒரே தொண்டை இரண்டு ஆளாக மாறும் இடங்களுக்குத் தாளில் கோடு இழுத்து இணையுங்கள். பெவர்லியாகப் பாடும் ஜென் கொலெல்லாதான் ஊர்க்காரி அன்னெட்டும். சீசர் சமயோவா இரண்டு கெவின்களில் ஒருவராகவும் வருவார், எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கும் அலி என்ற முஸ்லிம் பயணியாகவும் வருவார். அந்த இரண்டாவது இணைப்பு பாத்திரப் பங்கீடு மட்டுமில்லை, நாடகமே அதில் ஒன்று சொல்கிறது என்பது எங்கள் எண்ணம்.

மூன்றாவது டிராக் 'பிளாங்கெட்ஸ் அண்ட் பெடிங்'. போர்வை, படுக்கை. ஊர்க்காரர்கள் யாருக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஓடி ஓடிச் சேர்க்கும் பாட்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனதையும், கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் பாய் எண்ணிக் கொடுத்ததையும் பார்த்த ஊருக்கு இந்தப் பாட்டுக்கு விளக்கம் வேண்டாம். கேட்கும்போது பொருட்களை விட்டுவிடுங்கள், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒருவர் கேட்பார், இன்னொரு பக்கத்திலிருந்து ஒருவர் 'நான் பார்த்துக்கிறேன்' என்கிற தொனியில் பதில் கொடுப்பார். ஸ்பீக்கருக்கு நடுவே ஐந்து அடி விட்டதற்குப் பலன் இங்கே கிடைக்கும்.

ஐந்திலிருந்து எட்டுவரை உள்ள டிராக்குகளை ஒரே மூச்சாகக் கேட்க வேண்டும், அவை ஒரே இரவு. பல மணி நேரம் விமானத்துக்குள் அடைந்து கிடந்தவர்களை இருட்டில் பேருந்தில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மரமும் இருட்டும்தான். நாடகத்தின் இந்தப் பகுதியில் ஒரு சின்ன நிகழ்ச்சி உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு ஆங்கிலம் தெரியாது. பயந்துபோய் இறங்க மறுக்கிறார்கள். ஓட்டுநருக்கு அவர்கள் மொழி தெரியாது. ஆனால் அந்த அம்மா கையில் பைபிள் இருக்கிறது. மொழி வேறானாலும் அதிகார எண்ணும் வசன எண்ணும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அவர் அதை வாங்கி, பிலிப்பியர் நான்காம் அதிகாரம் ஆறாம் வசனத்தைப் புரட்டிக் காட்டுகிறார்.

ராயபுரத்தில், பெரம்பூரில் தமிழ் பைபிள் இல்லாத தெரு கிடையாது. வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, கேட்க உட்காரும் முன்பே அந்த வசனத்தில் ஒரு சீட்டு வைத்துவிடுங்கள். ஆல்பத்தில் அந்த இரவு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். ஓட்டுநர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கும் அந்த அம்மாவுக்குத் தெரிந்த அதே வழியில், அதே எண்ணின் மூலமாகத் தெரியும். எந்த மொழிபெயர்ப்பும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது.

பன்னிரண்டாவது டிராக் 'பிரேயர்'. காது பழகிவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கெவின்களில் ஒருவருக்குச் சின்ன வயதில் தேவாலயத்தில் பாடிய பாட்டு நினைவுக்கு வரும். அசிசியார் பெயரால் வழங்கும் சமாதான ஜெபத்தின் ஆங்கிலப் பாடல் அது, நம் கத்தோலிக்கப் பாடகர் குழுக்களுக்கும் பழக்கமானது. அதன்மேல் எபிரேயத்தில் யூத ஜெபம் வந்து சேரும். பிறகு அரபியில் ஒரு குரல். இன்னொரு பக்கம் 'அசதோ மா' என்று உபநிடத வரி. ஒன்று முடிந்து அடுத்தது என்று இல்லை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்க முயன்றால் எதுவுமே கிடைக்காது. ஒரு தடவைக்கு ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போங்கள். நான்கு தடவை போட்ட பிறகு ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு எதையும் பிடிக்காமல் கேளுங்கள், நான்கும் அவரவர் இடத்தில் நிற்கும். சர்ச்சில் ஆல்டோவோ டெனரோ பாடிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மற்றவர்களின் மெட்டுக்கு நடுவே தன் மெட்டை விடாமல் பிடித்துக்கொள்வதுதானே அவர்கள் வாரா வாரம் செய்வது?

அடுத்தடுத்து வரும் 14, 15 டிராக்குகளை விளக்காமல் விட்டாலும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் பிடித்துவிடும். மதுக்கடையில் ஊர்க்காரர்கள் 'ஹீவ் அவே' பாடுகிறார்கள். கயிறு இழுக்கிறவர்களின் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் மொத்தமாக விழுவார்கள். கரைவலை இழுக்கும்போது வரும் ஏலேலோ ஐலசாவின் தோள்பட்டைதான் இதற்கும். பிறகு வந்தவர்களை ஊர்க்காரர்களாகச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு: ஸ்கிரீச் என்ற ரம்மைக் குடித்துவிட்டு, ஒரு முழு காட் மீனை முத்தமிட வேண்டும். காட் மீனால் வாழ்ந்த தீவு அது. மீன்வளம் சரிந்து 1992-இல் அரசாங்கம் காட் மீன்பிடிப்பையே நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் தொழிலை இழந்தார்கள். அது தெரிந்தால் முத்தத்தில் சிரிப்பு மட்டும் இல்லை என்பதும் தெரியும்.

இந்த ஆர்ப்பாட்டம் ஓய்ந்த உடனே பதினாறாவதாக 'மீ அண்ட் த ஸ்கை'. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் முதல் பெண் கேப்டனான பெவர்லி பாஸின் கதை. சின்ன வயதிலிருந்தே பறக்க ஆசைப்பட்டது, வேலை கேட்டுப் போன இடத்தில் பெண் என்று ஒதுக்கியது, கேப்டன் ஆனது என்று பாட்டு ஏறிக்கொண்டே போகும். கூடவே மற்றப் பெண்களின் குரல்கள் பின்னால் வந்து தாங்கும். கடைசியில், தான் உயிராக நேசித்த விமானத்தையே குண்டாக்கிவிட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் எல்லாம் அடங்கிவிடும். வால்யூமைத் தொடாதீர்கள் என்றது இந்த இடத்துக்காகத்தான். அந்த அமைதியில் மின்விசிறிச் சத்தம் கேட்டால் இன்னும் ஒரு படி குறையுங்கள்.

மூன்றாவது தடவை கேட்கும்போது ஒரே ஒரு ஆளைப் பின்தொடருங்கள். எங்கள் யோசனை ஹன்னா. அவருக்கென்று இருக்கும் டிராக் பதினொன்றாவது, 'ஐ ஆம் ஹியர்', மகனைத் தேடித் தொலைபேசியில் செய்தி விடும் பாட்டு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். பியூலாவின் மகனும் தீயணைப்பு வீரர் என்பதால் இரண்டு தாய்களும் ஒட்டிக்கொள்வார்கள். எல்லோரும் சேர்ந்து பாடும் டிராக்குகளில் ஹன்னாவின் குரலை மட்டும் உருவி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத இடங்களைத் தாளில் வெறுமையாக விட்டுவிடுங்கள். ஊகித்து நிரப்பினால் அடுத்த தடவை அந்த ஊகம்தான் காதில் விழும்.

வாத்தியங்கள் எட்டுப் பேர் கையில். கீபோர்டும் அக்கார்டியனும் ஹார்மோனியமும் ஒருவர். விசிலும் ஐரிஷ் புல்லாங்குழலும் இல்லன் பைப்பும் ஒருவர். இல்லன் பைப் என்பது முழங்கையால் துருத்தியை அழுத்தி ஊதும் நாணல் வாத்தியம், காற்றுக்கு வாயே தேவையில்லை. ஃபிடில் ஒன்று. கிடார்கள், மேண்டலின், பூசூக்கி, பேஸ். தாளத்துக்கு இரண்டு பேர். அதில் போரான் என்ற ஒருபக்கத் தோல் வாத்தியத்தை நன்றாகக் கவனியுங்கள். ஆட்டுத்தோல், வட்டச் சட்டம். ஒரு கையில் இருதலைக் குச்சியால் அடித்துக்கொண்டே மறுகையைத் தோலின் பின்பக்கம் வைத்து அழுத்துவார்கள். அழுத்த அழுத்தத் தொனி ஏறும், நம் கஞ்சிராவில் விரலால் அழுத்துகிற மாதிரி. குச்சி பட்ட இடத்தையும் தொனி ஏறி இறங்குவதையும் தனித்தனியாகக் கேட்க முடிந்தால் உங்கள் அறை சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். வெறும் 'தும் தும்' என்று ஒரே மாதிரி விழுந்தால் ஸ்பீக்கர் இன்னும் மூலையில்தான் இருக்கிறது. இன்னொன்று அக்லி ஸ்டிக். துடைப்பக் கம்பில் சோடா மூடிகளை ஆணியடித்து, கீழே ஒரு பழைய பூட்சை மாட்டித் தரையில் குத்துவது. கையில் கிடைத்ததைத் தட்டித் தாளமாக்கும் கானாக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

படிப்பகத்திலோ கேரம் கிளப்பிலோ பத்துப் பேர் சேர்ந்து கேட்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் முக்கோணத்தின் முனையில் ஒருவர்தான் உட்கார முடியும். அதனால் நடுக்கோட்டிலேயே ஒருவர் பின் ஒருவராக இரண்டு வரிசை உட்காருங்கள், பக்கவாட்டில் பரவ வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுக்காமல் ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுங்கள். உங்கள் ஆள் குரல் கொடுக்கும்போது கையைத் தூக்க வேண்டும். பல்லவியில் பத்துக் கையும் ஒன்றாக மேலே போகும். கதை தெரிந்த ஒருவர் நடுவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அன்றைய அமர்வு கெட்டது. எட்டாவது டிராக் முடிவிலும் பதினாறாவது முடிவிலும் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளலாம், டீ அப்போது வரட்டும்.

ஆல்பத்தில் நாடகம் முழுவதும் இல்லை. மேடையில் நூறு நிமிடம், இடைவேளை கிடையாது. பாட்டுக்கு நடுவே வரும் பேச்சில் ஒரு பகுதியை ஆல்பத்தில் விட்டுவிட்டார்கள். காஸ்ட் ஆல்பம் எல்லாமே அப்படித்தான். 46 டிராக் கொண்ட 'ஹாமில்டன்' ஆல்பத்தில்கூட ஒரு காட்சியை மேடைக்கென்றே நிறுத்திக்கொண்டார்கள். 'கம் ஃப்ரம் அவே' மேடைப் படப்பிடிப்பு 2021 செப்டம்பரில் ஆப்பிள் டிவி பிளஸில் (இப்போது பெயர் ஆப்பிள் டிவி) வந்தது. பாருங்கள், ஆனால் மூன்று தடவை கேட்ட பிறகு. முதலிலேயே பார்த்துவிட்டால் தொப்பியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பீர்கள், தொண்டையைத் தேட மாட்டீர்கள். படம் பார்க்கும்போது தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுமையாக விட்ட கட்டங்களை இப்போது பேனாவால் நிரப்புங்கள்.

கடைசி டிராக்கில் பாட்டு இல்லை. கதை முடிந்த பிறகு வாத்தியக்காரர்கள் மேடை நடுவுக்கு வந்து வாசிக்கும் இடம் அது. ஆளுக்கு ஆள் எழுந்து மின்விசிறியைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து பேச ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். உட்காரச் சொல்லுங்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எட்டு வரிசை போட்டு, ஃபிடில் எந்தப் பக்கம், போரான் எந்தப் பக்கம் என்று குறிக்கத் தொடங்குங்கள்.